காலுக்கு மிஞ்சிய ரப்பர்

சவரிமுத்து அண்ணன் போன செய்தி வந்தபோது நான் பிரம்மதேசத்தில், தங்கை மகளின் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் படகோட்டி ஜோசப் போன் செய்து, "அக்கா, அண்ணன் கடல்ல எறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. மேல வரல" என்றான். முகத்துவாரத்தில் யாருடைய படகின் நங்கூரமோ பாறையில் மாட்டிக்கொண்டதாம், எடுத்துக்கொடுக்க இறங்கியிருக்கிறார். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஃபின் போட்டுட்டு எறங்குனாரு?" என்பதுதான். பந்தியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "பழைய கறுப்பு" என்றான் ஜோசப். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டார். அண்ணனை அறிந்த உங்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். அனுமந்தையிலிருந்து மரக்காணம் வரை அவர் வாயில் விழாதவர் யார்? பங்குத்தந்தையே தப்பவில்லை. ஆனால் நான் தயங்கியது அதற்காக இல்லை. அவர் போனதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நாலு நல்ல வார்த்தை எழுத என்னால் முடியாது.

ஒன்பது வருடங்களுக்கு முன், அந்தமானில் டைவிங் வேலை பார்த்த சான்றிதழோடும், பாதி சம்பளத்தைக் கொட்டி வாங்கிய ஒரு ஜோடி ஃபின்னோடும், விருந்தினர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் அவர் தொழிலில் கூட்டுச் சேர வந்தேன். ஃபின் என்றால் காலில் மாட்டிக்கொண்டு நீந்தும் ரப்பர் துடுப்பு. என்னுடையது நடுவில் பிளந்து, வாழை இலை மாதிரி வளையும் ஜாதி. அண்ணன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மீன் தொட்டியில நீந்தறதுக்கு" என்றார். கழுவெளி ஏரித் தண்ணீர், கடல் இறங்கும் வற்றத்தில், கடலுக்கு ஓடும் நேரம் பார்த்து என்னை முகத்துவாரத்தில் இறக்கினார். அங்கே நட்டிருந்த கட்டையிலிருந்து ஒரு கயிற்றை என் இடுப்பில் கட்டி, ஓட்டத்தை எதிர்த்து நீந்தி, நூறு எண்ணும்வரை கயிறு தொய்வாகவே இருக்கவேண்டும் என்றார். இருபதிலேயே கயிறு விறைத்துவிட்டது. முப்பதில் நான் சேற்றில் கிடந்தேன். உப்பளத்தில் வேலை முடித்து வந்த பெண்கள் கரையில் நின்று சிரித்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தியதே அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் என்னைக் குதிகால் தூக்கி நிற்கவைத்து ஆடுசதையைப் பார்த்தார். நடுத்தர விறைப்பில், குட்டையாக, அகலமாக, ஓட்டை வைத்த ரப்பர் ஃபின் ஒன்றைத் தூக்கிப் போட்டார். குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டையில் பிளாஸ்டிக் கொக்கி இல்லை, எஃகு ஸ்ப்ரிங். "கொக்கி ஒரு நாள் உன்ன ஏமாத்தும். ஸ்ப்ரிங்கு விடாது" என்றார். அவர் அடிக்கடி சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: "மொதல்ல காலப் பாரு, அப்புறம் ஓட்டத்தப் பாரு, கடைசியா கடைக்காரன் மூஞ்சியப் பாரு." மறுநாள் அந்த ஃபின்னோடு நூறு எண்ணி முடித்தேன். அவர் பாராட்டவில்லை. எண்ணிக்கையை வேகமாக எண்ணிவிட்டதாகத் திட்டினார்.

சென்னையிலிருந்து உடற்பயிற்சிக் கூடத்து ஆசாமி ஒருவர் புது மனைவியோடு வந்தார். இருப்பதிலேயே விறைப்பான ஃபின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கேட்டதைக் கொடு என்று அண்ணன் என்னிடம் கண்ணைக் காட்டினார். பத்தே நிமிடத்தில் அந்த மனிதருக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது. படகில் இழுத்துப் போட்டதும், வலியில் முனகுகிறவரைப் பார்த்து, மனைவி காதுபட அண்ணன் சொன்னார்: "காலுக்கு மிஞ்சுன ரப்பர் கல்லு சார். கட்டிக்கிட்டு எறங்குனா கீழதான் போவீங்க." அந்த ஆசாமி அழுதுவிட்டார். நான் சிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஐம்பத்தேழு வயதில் அண்ணனுக்கும் சதை பிடிக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீருக்கடியில் நின்று ஃபின் நுனியைத் தன் பக்கம் இழுத்துக் காலை நீட்டிக்கொள்வதை நான் இரண்டு முறை பார்த்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எளிதில் வளையும் நீல நிற ஃபின் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். அவர் காலுக்கு மிகச் சரியான ஃபின் அது. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். படகில் எட்டு விருந்தினர்கள் இருந்தார்கள். நான் அந்த ஃபின்னை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அண்ணே, இது மீன் தொட்டியில நீந்தறதுக்கு" என்றேன். படகே சிரித்தது. ஜோசப் சிரித்தான். ஒன்பது வருடம் காத்திருந்த சேறு அது, எனக்கு ருசியாக இருந்தது. அண்ணன் நீலத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, விறைப்பான பழைய கறுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு படகில் நான் நீலத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் நான் காதுகுத்துக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அனுமந்தைப் பக்கம் கரை ஒதுங்கினார். இரண்டு காலிலும் கறுப்பு ஃபின் அப்படியே இருந்தது. ஸ்ப்ரிங் விடாது என்று அவர் சொன்னது பொய்யாகவில்லை. நான்தான் கழற்றினேன். வலது ஆடுசதை கட்டை மாதிரி இருந்ததாக எனக்குத் தோன்றியது. இறந்தவர் உடம்பு முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இருக்கலாம்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிடவேண்டும் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நீல ஃபின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "நீ அன்னிக்குப் பேசுனத வூட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரும்மா. 'அவ இப்ப என்ன மாதிரியே பேசறாடி'ன்னாரு. கோவமே இல்ல, பெருமையாத்தான் சொன்னாரு. அப்புறம் இதத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அக்கா அதைச் சொன்னார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்த நீல ஃபின், மற்றது அவருடைய பேச்சு. ஃபின்னை மாட்டிப் பார்த்தேன், என் காலுக்குப் பெரிது. பேச்சு அளவாகப் பொருந்திவிட்டது.