பிச்சாவரத்துக்குத் தண்ணீர் தெளிப்பவர்

பிச்சாவரம் காட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் செபாஸ்டின். இடது கையில் முடிதிருத்தும் கடையில் இருக்குமே, அந்த மாதிரித் தெளிப்பான். வலது கையில் கத்தரிக்கோல். காடு என்றது தட்டில் முளைவிட்ட கேழ்வரகை. கொஞ்சம் அசந்தால் வளர்ந்து, பக்கத்திலிருக்கும் சிதம்பரத்துக் கோபுரத்தை மறைத்துவிடும். “ராவுலதான் சார் ஜாஸ்தியா வளருது. ஆளில்லாத நேரம் பாத்து வளருது” என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டே காட்டின் தலையைச் சமமாக வெட்டிவிட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஊர் வரலாற்றையும் அறிவியலையும் ஒரே கட்டடத்தில் குடிவைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகம் அது. முன்பக்கத்தில் கல்வெட்டுகளும் தாழிகளும் நிரந்தரவாசிகள். அவற்றைப் பார்க்க யாரும் அவசரப்படுவதில்லை, அவையும் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. பின்பக்கம் ஒரு பெரிய கூடம். அங்கே ஒரு கண்காட்சி வரும், மூன்று மாதம் தங்கும், கிளம்பிவிடும். வருவதை அடுக்குவதும் போவதைப் பிரிப்பதும் செபாஸ்டினின் வேலை.

அடுக்குவதோடு விட்டால் பரவாயில்லை, மனிதர் அதற்குள்ளேயே போய் வாழத் தொடங்கிவிடுவார். நிலாவைப் பற்றிய கண்காட்சி நடந்தபோது அவர் நடையே மாறிவிட்டது என்கிறார் காப்பாட்சியர் வினோதினி. இவர் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர், மிகைப்படுத்திப் பேசத் தெரியாதவர். டீக்கடைக்குப் போனால்கூட செபாஸ்டின் காலை மெல்ல மெல்லத் தூக்கி வைப்பாராம். கேட்டால், “அங்க வெயிட்டு கம்மி மேடம்” என்பாராம். நெய்வேலி நிலக்கரிக் கண்காட்சியின்போது கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் குரல் தாழ்ந்துவிடும். பூமிக்கு அடியில் சத்தம் போடக் கூடாதாம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சுரங்கம்போல் இருட்டாக்கியிருந்த அந்தக் கூடத்தில் அவரோடு நின்றபோது தலைக்கு மேலே கம்மாபுரத்து வயல்களும், வயலில் யாரோ நடப்பதும் தெரிவதுபோல இருந்தது. நானும் குனிந்துகொண்டேன்.

இந்தக் கைவேலையெல்லாம் பங்குக் கோயிலில் வந்தது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் அவர்தான் கட்டுவார். கடலூர் முதல் பிச்சாவரம் வரையிலான கடற்கரையைப் பழையபடி செய்து காட்ட வேண்டும் என்று வினோதினி சொன்னபோதும் அவருக்குக் கை குடிலுக்குத்தான் போயிற்று. மண் பரப்பினார், அட்டையில் வீடு செய்தார், வானத்துக்கும் கடலுக்கும் நீலத் துணி கட்டினார். தொடக்க நாளன்று பார்த்தால் கலங்கரை விளக்கத்துக்கு மேலே காகித நட்சத்திரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. “இது எதுக்குண்ணே?” என்று வினோதினி கேட்க, “கைப் பழக்கத்துல மாட்டிட்டேன் மேடம்” என்று அவிழ்த்தார். குடிலுக்குக் கேழ்வரகு இரண்டு வாரம் நின்றால் போதும். இங்கே மூன்று மாதம் நிற்க வேண்டியிருந்ததால் காட்டைத் திரும்பத் திரும்ப விதைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கரையில், முதுநகருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு சின்னத் தெரு. இன்றைக்கு அது இல்லை. சுனாமி வந்த காலையில் போய்விட்டது. செபாஸ்டினின் மனைவி ஆரோக்கிய ராணி பிறந்த தெரு அது. ராணியின் அம்மாவும் அந்தக் காலையில்தான் போனார். அதற்குப் பிறகு ராணி கடலைப் பார்த்ததில்லை. திருப்பாதிரிப்புலியூரில் வீடு. கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறவே மாட்டார். ராணி எப்போதாவது தன்னிடம் சொன்னதையெல்லாம் சேர்த்துவைத்துத்தான் செபாஸ்டின் இந்தத் தெருவைக் கட்டியிருக்கிறார். “கடலப் பாக்க வேணாம் ராணி, நான் செஞ்சதப் பாருன்னு கூப்புடுறேன் சார். அடுத்த வாரம் வரேங்கறா. பூசைக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.”

இந்த முறை நான் போயிருந்தது கண்காட்சியின் கடைசி நாள். மறுநாள் காலை எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். அடுத்து வரும் பூச்சிக் கண்காட்சியின் பெட்டிகள் வராந்தாவில் வந்து இறங்கியாயிற்று. செபாஸ்டின் துணிக்கடலின் சுருக்கத்தை நீவுவார், வாசலைப் பார்ப்பார், மறுபடி நீவுவார். எனக்கு அந்த அம்மாள்மீது கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் வந்தது.

மூடுகிற நேரத்துக்குக் காய்கறிப் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தார். “மார்க்கெட்டுக்கு வந்தேன், அப்டியே...” என்று பாதியில் நிறுத்தினார். ராணிதான். செபாஸ்டின் தெளிப்பானைப் பிடித்தபடி நின்றார். ஜன்னல் வழியே வந்த மஞ்சள் வெயில் நீலத் துணியில் விழுந்து கூடம் முழுக்க ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தது. ராணி கரையோரமாகவே நடந்தார். தெரு வந்ததும் குனிந்தார்.

“இது சவரியம்மா அக்கா வூடு. இது... எங்க வூடு.” வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏங்க, வாசலெல்லாம் எதுக்கு இந்தப் பக்கம் வச்சிருக்கீங்க? எங்கம்மா கதவத் தெறந்தா கடலுதான தெரியும்” என்றார்.

குடிலில் எல்லா வீடும் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் தெரு முழுவதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மூன்று மாதமாக யாருக்கும் அது உறைக்கவில்லை. செபாஸ்டின் முகம் வாடிவிட்டது. “நாளைக்குப் பிரிக்கத்தானே போறோம், வுடுங்கண்ணே” என்றார் வினோதினி.

செபாஸ்டின் மண்டியிட்டார். சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, ராணி பிறந்த வீட்டின் அடியில் பசையை அறுத்தார். சுவர் கிழியாமல் மெதுவாகத் தூக்கி, வீட்டை மனைவியிடம் நீட்டினார். ராணி பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாசல் கடலைப் பார்க்கும்படி அதை அதன் இடத்தில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

செபாஸ்டின் நகர்ந்து, சவரியம்மாள் வீட்டின் அடியில் பிளேடை நுழைத்தார்.