கொத்தமல்லிக்காரியின் வலது கண்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெளியே போனால் மனதில் தோன்றுவதையெல்லாம் தமிழில் சத்தமாகச் சொல்லிவிடுவோம். லிஃப்டில் எதிரே நிற்பவரின் செண்ட், கடைக்காரரின் மீசைச் சாயம், எதையும் விட்டுவைப்பதில்லை. மராத்தி பேசும் ஊர்; ஔந்தில் எங்கள் கட்டடத்தில் வேறு தமிழர்கள் கிடையாது. இருபது வருடமாக மாட்டிக்கொள்ளாததால் எனக்குக் குளிர்விட்டுப் போயிருந்தது.

மகளுக்கு இது பிடிக்காது. வேற்று மொழி கலந்துதான் தமிழ் பேசுவாள். ஆனால் நான் பேசுவது ஒன்றுவிடாமல் புரியும்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கசபா பேட் சந்துகளில் சுவரெல்லாம் படம் வரைகிறார்கள், பார்க்கலாம் வா என்று அவளாகவே கூப்பிட்டாள். மறுநாள் மாலை, பூங்காவில் ஒரு திறந்த மேடையில் அவளுடைய இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி. அதற்கும் கூப்பிட்டிருந்தாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு அவள் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. எதையாவது பேசிக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்கூட்டரில் ஏறினேன்.

முதல் ஒரு மணி நேரம் நல்லபடியாகவே போனது. மழைநீர்க் குழாயை வாலாக்கி ஒரு பூனை வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். வடா பாவ் சாப்பிட்டோம். அடுத்த திருப்பத்தில், இரண்டு மாடி உயரச் சுவரில், கொத்தமல்லிக் கூடையோடு ஒன்பது கஜச் சேலைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இவளைப் பாரு. ஒரு கண்ணு நம்மளப் பாக்குது, இன்னொண்ணு பஸ் ஸ்டாண்டைப் பாக்குது. வரைஞ்சவன் தூங்கிட்டே வரைஞ்சிருக்கான்!"

மகள் என் கையைக் கிள்ளினாள். "அம்மா, சுப்! பேசாத, ப்ளீஸ்."

"இங்க யாருக்குப் புரியப் போவுது? மூக்குத்திக்கு இவ்வளவு பாடுபட்டவன் கண்ணுக்கும் கொஞ்சம் பட்டிருக்கலாம்லா?"

சாரத்தின் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தலையில் முக்காடும் கை நிறையப் பெயிண்டுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "வரைஞ்சவன் இல்ல ஆன்ட்டி, வரைஞ்சவ. நாந்தான்" என்றாள். அச்சு அசல் என்னுடைய திருநெல்வேலித் தமிழ். "தூங்கல்லாம் இல்ல. அந்த வலது கண்ணு ரெண்டு நாளா எனக்கும் இடிக்கு. யாருகிட்ட கேட்டாலும் சூப்பர் சூப்பர்ங்காங்க."

அவள் வீடு இதே ஊரில் கோந்த்வாவில், வாப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை, சொந்த ஊர் மேலப்பாளையம். மகளின் குழுவில் தாளம் வாசிப்பவளும் அவள்தான். அவளை எனக்கு அறிமுகப்படுத்தத்தான் மகள் அங்கே கூட்டி வந்திருக்கிறாள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். மகள் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது சொன்னாள்:

"நாளைக்கு நீ வர வேணாம். நான் பாடுறப்போ யார்கிட்டயாவது இப்டித்தான் பேசுவ. ஸ்டேஜ்லேர்ந்து எனக்கு உன் வாய் மட்டும்தான் தெரியும்."

வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

ஞாயிறு மதியம் மகளின் போனுக்கு ஒரு படம் வந்தது. கொத்தமல்லிக்காரி இரண்டு கண்ணாலும் நேராகப் பார்த்தாள். கூடவே குரல்பதிவு: "ஆன்ட்டிகிட்டக் காட்டு. இப்பம் சரியான்னு கேளு. அவங்க ஒரு ஆளுதான் உண்மையச் சொன்னாங்க."

மகள் அந்தக் குரல்பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். "சரி, வா. நோ கமெண்ட்ஸ்" என்றாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பூங்கா நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். வாய்க்கு வேலை கொடுக்க ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கியிருந்தேன். முதல் பாட்டு ஹிந்தி, அவளே எழுதியது. ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓட்டமாய் ஓடிப் பாடி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கடலையை மென்றேன்.

அவள் முகத்தில் திருப்தி இல்லை. தலைகளுக்கு மேலே கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். மைக்கைப் பிடித்து, தமிழில் கேட்டாள்:

"அம்மா, எப்டி இருந்துச்சு? உண்மைய சொல்லு."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். தாளக்காரப் பெண் 'சொல்லுங்க' என்று தலையை ஆட்டினாள்.

"ரொம்ப வேகமாப் பாடிட்டட்டி!" என்று கத்தினேன். "மூச்சு விட்டுப் பாடு! உன்னை யாரும் தொரத்தல!"

ஒரு வார்த்தையும் புரியாத கூட்டம், தாய் வாழ்த்துகிறாள் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டியது. மேடையில் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது பாட்டை நிதானமாக எடுத்தாள். அன்றைக்கு வராமல் இருந்திருந்தால், என் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அழுதேன், மறைக்கவில்லை. கடைசி வரியைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தாள். அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது அதே சிக்னலில் தலையைத் திருப்பினாள்.

"லாஸ்ட் லைன் லேட்டா எடுத்தேன்ல?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

பச்சை விழுந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவ முன்னாடி உக்காரு. பின்னாடிலேர்ந்து நீ கத்துறது சரியா கேக்கல."