சங்கு ஊதிய மிக்ஸ்

ஹட்டனில் ஒரு கடையில் உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றுவது என் தொழில். மற்ற நேரமெல்லாம் நான் டீஜே. இதை நானே சொன்னால்தான் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "அந்த டப்பு டப்பு வைக்கிற பையன்" என்பதுதான் அங்கே எனக்குக் கிடைத்த பட்டம்.

நான் செய்வது இதுதான். ஆட்டத்துக்கான மின்னிசைத் துண்டுகளைத் தாளம் தப்பாமல் ஒன்றோடொன்று கோத்து ஒரு மிக்ஸ் ஆக்குவேன். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அழகான இடமாகப் பார்த்துப் போய், அங்கே அதை வாசித்து, வீடியோ எடுத்து இணையத்தில் போடுவேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து நீர்த்தேக்கம், நல்லதண்ணி ஊருக்குப் போகிற வழியில் ஒரு வளைவு, எங்கள் தோட்டத்து உச்சிப் பாறை என்று என் மேடைகள் பல. வெளிநாட்டில் பனிமலை உச்சியில் இப்படிச் செய்கிறவர்களுக்குப் பின்னால் ஹெலிகொப்டர் நிற்கும். எனக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மாடு நிற்கும்.

பார்க்க ஆளில்லாமல் இல்லை. "என்ன அழகான இடம்", "இங்கே எப்படி வருவது", "தங்க அறை கிடைக்குமா" என்றெல்லாம் எழுதுவார்கள். சத்தத்தைப் பற்றி ஒரே ஒருவர் எழுதினார், காற்றின் ஓசை அருமை என்று. அது என் மைக்கில் இருந்த கோளாறு.

ஆனால் என்னை நிஜமாகக் குத்தியவள் அக்காதான். அக்கா கொழுந்து பறிக்கிறவள். ஒருநாள் ரொட்டி சுட்டபடியே என் மிக்ஸ் ஒன்றை முழுதாகக் கேட்டாள். நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அவ்வளவு நேரமும் உண்மையாகவே காத்திருந்திருக்கிறாள். அக்கா ஒரு முறையாவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் என் மிக்ஸைக் கேட்டு முடிக்கவேண்டும், உலகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அக்காவுக்குப் பிடிக்கவேண்டுமானால் அக்காவுக்குத் தெரிந்த சத்தங்கள் உள்ளே இருக்கவேண்டும் என்று என் மூளை கண்டுபிடித்தது. தகரத்தில் விழும் மழை, கொழுந்து கிள்ளும் ஓசை எல்லாவற்றையும் போனில் பிடித்தேன். கடைசியாக ஸ்டோர் சங்கையும் பிடித்தேன். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்கிற நேரம் என்று அர்த்தம், எல்லோரும் பறிப்பதை நிறுத்திவிட்டு நிறுவை இடத்துக்கு நடப்பார்கள். என் வகை இசையில் 'டிராப்' என்று ஒன்று உண்டு. தாளம் ஏறி, ஏறி, சட்டென்று எல்லாம் நின்று, பிறகு மொத்தமாக இறங்கும். அந்த நிற்கிற இடத்தில் சங்கை வைத்தேன். போட்டுக் கேட்டபோது எனக்கே புல்லரித்தது. என் வேலையைக் கேட்டு எனக்கு அடிக்கடி அப்படி ஆகும்.

அக்காவும் கூட வேலை செய்கிறவர்களும் உச்சிப் பாறைக்குக் கீழே கொழுந்தெடுக்கிற நாளாகப் பார்த்துக் கடைக்கு லீவு போட்டேன். திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய பற்றரி ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தேன். உருட்டிக்கொண்டு போக அதற்குச் சில்லு இருந்தது. எங்கள் தோட்டத்துப் பாதையில் சில்லை வைத்து என்ன செய்வது? தலையில் சுமந்துதான் ஏற்றினேன். ஏறி முடிப்பதற்குள் பனி மூடிவிட்டது. சிவனொளிபாதமலையையும் காணோம், மாட்டையும் காணோம். கமராவில் ஒரே வெள்ளை. நடுவில் நான், என் காலில் ஓர் அட்டை.

ஸ்பீக்கரைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்து வாசித்தேன். தாளம் ஏறியது, நின்றது, சங்கு ஊதியது.

கீழே சலசலவென்று பேச்சு கேட்டது. பனி கொஞ்சம் விலகியது. இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய பெண்கள் தேயிலை நிரையை விட்டு வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். என் இசைக்கு ஒரு கூட்டம் அசைந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெரிய டீஜேக்கள் செய்வார்களே, அப்படி ஒரு கையை உயரத் தூக்கினேன்.

கூட்டம் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே நிறுவை இடத்துக்குப் போனது. அங்கே தராசும் இல்லை, லொறியும் இல்லை.

"எவன்டா சங்கு ஊதுனது?" என்று கத்திக்கொண்டே, அவர்களை வேலை வாங்குகிற கங்காணி மேலே ஏறி வந்தார். தூக்கிய கையை மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்தேன்.

"நான்தான் மாமா. இது பாட்டுல வர்ற சங்கு."

"பாட்டா? மொத்த ஆளும் நெரைய விட்டு வந்திருச்சு! கொழுந்து கொறைஞ்சா எல்லாருக்கும் அரைப் பேருதான் விழும், தெரியுமா ஒனக்கு?"

அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிக் கூலிதான். இசையால் மனசைத் தொடப் போனவன் அவர்கள் கூலியில் கை வைத்திருந்தேன்.

கீழே பெண்கள் தங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து தேத்தண்ணிப் போத்தலைத் திறந்துவிட்டார்கள். "ஊதுனது ஊதியாச்சு கங்காணி. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவோம்" என்று ஒருத்தி சத்தம் போட, மற்றவர்கள் சிரித்தார்கள். கங்காணி அவர்களைக் கிளப்ப இறங்கி ஓடினார். அக்கா மட்டும் மேலே ஏறி வந்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்த டப்பு டப்பு நீதான்னு எல்லாருக்கும் தெரியும்டா" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்க்கா எந்திரிச்சு வந்தீங்க?"

"சங்கு ஊதுனா காலு நிக்குமா? அது நம்மளக் கேட்டுக்கிட்டா நடக்குது?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பாட்டுலயும் சங்கு ஊதி என்னைய வெரட்டுறியேடா" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பரிகாரமாக நானும் இறங்கி அக்காவின் நிரையில் பறித்தேன். நான் பறித்ததில் பாதி முற்றல் என்று அவள் எடுத்து வீசினாள். அன்றைக்கு அத்தனை கைகளும் ஓடிய வேகத்தில் யாருக்கும் அரைப் பேர் விழவில்லை. அதில் என் பங்கு ஒன்றுமில்லை என்பதைக் கங்காணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி உச்சிப் பாறைக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை சின்ன ஸ்பீக்கர்தான். நல்ல வெயில். அந்தப் பாறைக்குக் கீழே இத்தனை வருஷமாகக் கொழுந்தெடுக்கிறவள், மேலே வந்து சும்மா உட்கார்ந்தது அன்றுதான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"நம்ம மலையாடா இது?"

நான் மிக்ஸைப் போட்டேன். மழை வந்தது, கொழுந்து கிள்ளும் ஓசை வந்தது. தாளம் ஏறத் தொடங்கியதும் அக்காவின் முதுகு நிமிர்ந்தது. இன்னும் ஏறியது. அவள் கால் தானாகச் செருப்பைத் தேடியது. எல்லாம் நின்றது. சங்கு இருந்த இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஊதாதா?"

"ஊதாதுக்கா. எடுத்துட்டேன்."

செருப்பைத் தள்ளிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். தாளம் இறங்கியது. பாட்டு எப்ப ஆரம்பிக்கும் என்று கடைசிவரை அவள் கேட்கவில்லை.