பலூன் பம்பும் ஒரு வரிப் பொய்யும்

குடவாசல் சுடர்விழி பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அப்பா வீரையன் அடுத்தவர் வயலில் கூலிவேலை பார்த்துப் படிக்கவைத்த பெண். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத்லேபில் ஆறு வருடமாக டெக்னீஷியன். மாரடைப்பு வந்தவர்களின் ரத்தக்குழாயில் கம்பி விட்டு அடைப்பை எடுக்கிற அறை அது. டாக்டர் வாய் திறப்பதற்குள் அவர் கேட்கப்போகிற கம்பியைப் பிரித்து நீட்டிவிடுவாள். ஊரில் அவளுக்கு ‘ஹார்ட் ஆஸ்பத்திரிப் பொண்ணு’ என்றே பெயர். யாருக்கு நெஞ்சு கரித்தாலும் முதல் போன் அவளுக்குத்தான். கெட்டிக்காரி, சந்தேகமே இல்லை. ஆனால் மகள் பூவிழி எழுந்திருக்குமுன் பஸ் ஏறி, அவள் தூங்கியபின் வீடு சேருகிற பிழைப்பு.

குடவாசலுக்குப் பக்கத்திலேயே, திருவாரூரில் புதிதாக ஒரு கேத்லேப் திறக்கிறார்கள், ஒரே ஒரு டெக்னீஷியன் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் பஸ்ஸிலேயே செல்போனை எடுத்து ரெஸ்யூம் எழுத உட்கார்ந்துவிட்டாள். எப்படி எழுதுவது என்று இணையத்தில் அறிவுரைக்கா பஞ்சம்? ‘உதவினேன்’ என்று போட்டால் ஒருவரும் சீந்த மாட்டார்களாம், ‘செய்தேன்’ என்று அடித்துச் சொல்ல வேண்டுமாம். செய்த வேலையை அடித்துச் சொன்னவரைக்கும் சரி. பலூன் பம்பில்தான் சறுக்கினாள்.

துவண்டுபோன இதயத்துக்குக் கைகொடுக்கிற இயந்திரம் அது. அவர்கள் லேபில் அதை வெளியே இழுத்தால் ஹஃப்ஸாதான் நிற்பாள். அதிராம்பட்டினத்துப் பெண், கூட வேலை பார்க்கிறவள், தோழி. பம்ப் என்றால் ஹஃப்ஸா, கம்பி என்றால் சுடர் என்று யாரும் சட்டம் போடவில்லை. பழக்கத்தில் அப்படிப் பிரிந்துபோன வேலை. ‘பலூன் பம்பைத் தனியாக இயக்கியிருக்கிறேன்’ என்று சுடர்விழி எழுதினாள். தன்னைப் பற்றி விசாரிக்க ஹஃப்ஸாவின் நம்பரையே கொடுத்து அனுப்பியும் விட்டாள்.

அனுப்பியபின்தான் யோசித்தாள். திருவாரூரில் பக்கத்தில் ஹஃப்ஸா இருக்க மாட்டாள். அந்த மேசையில் வந்து படுக்கப்போவது யார்? உளுந்து வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற குடவாசல்காரர்கள்தான். அப்பாவாகவே இருக்கலாம். எல்லாம் தெரிந்தும், வேலை கிடைக்கட்டும், அப்புறம் கற்றுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாகத்தான் இருந்தது.

அது நோன்பு மாதம். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து வருகிற கஞ்சியில் பாதியை ஹஃப்ஸா தினமும் சாயங்காலம் சுடர்விழிக்கு ஊற்றிவைப்பாள். இரண்டு நாளாக முகம்கொடுத்துப் பேசாதவள், அன்றைக்குத் தூக்குவாளியை வைத்த கையோடு வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுடர், என்னை மன்னிச்சிடுடி. திருவாரூர்லேருந்து போன் பண்ணாங்க. நீ பம்பைத் தனியா பார்ப்பியான்னு கேட்டாங்க. நோன்பு வச்சுக்கிட்டு பொய் சொல்ல நாக்கு வரல. இதுவரைக்கும் பார்த்ததில்லன்னு சொல்லிட்டேன். ஒன் வேலையை நானே கெடுத்துட்டேன்.” ஹஃப்ஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசாமல் இருந்திருந்தால் சுடர்விழி தப்பித்திருக்கலாம். பழியையும் சுமந்துகொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு ஹஃப்ஸா போயிருப்பாள். அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு அப்படி நிற்க இவளால் முடியவில்லை. செல்போனை எடுத்து அந்த வரியைக் காட்டினாள்.

“நீ ஒண்ணும் கெடுக்கல. நான் எழுதுனதுதான் பொய்.”

ஹஃப்ஸா இரண்டு முறை படித்தாள். பிடித்திருந்த கையை விட்டாள். “அப்ப, நான் ஆமான்னு சொல்லிடுவேன்னு நெனச்சுத்தான் என் நம்பரைக் குடுத்தியா?”

“ஆமா,” என்றாள் சுடர்விழி. அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை அவள் தன் வாழ்நாளில் சொன்னதில்லை.

நின்ற இடத்திலேயே அந்த வரியை அழித்தாள். ‘பம்பை நான் தனியாக இயக்கியதில்லை, முன்பு எழுதியது தவறு’ என்று சேர்த்துத் திருவாரூருக்கு அனுப்பினாள். இனி அந்த வேலை வராது என்று தெரியும். வீடு சேரும்போது பூவிழி இன்றைக்கும் தூங்கியிருப்பாள்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஹஃப்ஸா பேரீச்சம்பழத்தைக் கடித்தாள், தண்ணீர் குடித்தாள், கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். எப்போதும்போலப் பாதிப் பாதி.

“நாளைக்கு என்னை பம்ப்ல நிக்கவச்சு சொல்லிக் குடுப்பியா?” சுடர்விழி டம்ளரைத் தொடாமல் கேட்டாள்.

“மொதல்ல கஞ்சியைக் குடி, ஆறுது,” என்றாள் ஹஃப்ஸா, முகத்தைப் பார்க்காமலே.