ராணிக்குச் சீனித்தண்ணீர்

சித்தப்பாவுக்கு ஜேர்மனியில், எசன் நகரில் ஒரு பேக்கரியில் வேலை, பைத்தியம் எறும்புகளில். தெருவில் மற்றவர்கள் நாய் வளர்த்தார்கள். இவர் ஆபிரிக்காவின் பெரிய கட்டெறும்பு ராணி ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் கொஞ்சம் தண்ணீர், வாயில் பஞ்சு. அதுதான் அரண்மனை.

தன் மண்ணில் என்றால் அது குழி தோண்டி இறங்கி, உள்ளிருந்தே வாசலை அடைத்துக்கொள்ளுமாம். முதல் பிள்ளைகள் வளர்ந்து வாசலைத் திறக்கும்வரை ஒன்றும் தின்னாதாம். தன் உடம்பைக் கரைத்தே குஞ்சுகளுக்கு ஊட்டுமாம். இடையில் யாராவது தொந்தரவு செய்தால், முட்டைகளைத் தானே தின்றுவிடும். அதனால் குழாய் சித்தியின் சேலை அலமாரிக்குள் இருட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்த சித்தி அதிகம் பேசமாட்டார். ராணிக்கு வெளிச்சம் தெரியாதபடி சிவப்புக் கடதாசி சுற்றிய டோர்ச் அடித்து எனக்கு முட்டைகளைக் காட்டும்போது மட்டும் முகம் மலரும்.

சித்திக்கு இரண்டு முறை கருத் தங்கவில்லை. இது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். அம்மா ஞாயிறுதோறும் குழம்புச் சட்டியோடு அங்கே போனதும், சித்தி தின்னத் தின்னப் பக்கத்திலேயே இருந்து பார்த்ததும் அதற்காகத்தான். அம்மாவின் அன்பு அப்படி. வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி விழும்.

ஒரு ஞாயிறு, சித்தி தேத்தண்ணி போடப் போன நேரம் அம்மா அலமாரியைத் திறந்தார். பஞ்சை இழுத்தெடுத்து, ஒரு துளி சீனித்தண்ணீர் விட்டார்.

“பிள்ளைத்தாச்சியைப் பட்டினி போடலாமோ? பாவமெல்லோ” என்றார் என்னிடம்.

அடுத்த ஞாயிறு போனபோது குழாயில் ஒரு முட்டையும் இல்லை. சித்தி அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“நான் நல்லதுக்குத்தானே குடுத்தனான்” என்றார். பிறகு பக்கத்தில் இருந்து சித்தியின் முதுகைத் தடவினார். “கவலையை விடும். திரும்பவும் வரும்.”

“இதைத்தான், அக்கா, எனக்கும் சொன்னனீங்கள்” என்றார் சித்தி.

அம்மா கையை எடுத்துக்கொண்டார். அன்று கொண்டுபோன சட்டியை யாரும் திறக்கவில்லை. அந்த வருடமே சித்தப்பாவும் சித்தியும் ஹம்பேர்க் போய்விட்டார்கள். ராணியும் கூடப் போனது.

அந்த ஞாயிறு டிராமில் திரும்பும்போது அம்மா ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி சொன்னதை வைத்து, அவர் முன்பும் ஒரு ராணி வளர்த்திருக்கிறார், எனக்குத்தான் காட்டவில்லை என்று நினைத்து, வீடு வரும்வரை சித்தியோடு கோபமாக இருந்தேன்.