தாயம் போட்டால் காயம்

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது ஒழுங்கு. அவனும் நானும் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பெட்டி தயாரித்தோம் என்றால் இன்றும் உறவினர்கள் நம்புவதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. செஞ்சிக் கடைத்தெருவில் அவன் சிறிய அச்சகம் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கருமாதிக் கார்டு. நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரர் இருவர் லாட்ஜில் ஒரு பெட்டியை விட்டுப் போனார்கள். லாட்ஜ்காரர் அதை அச்சகத்தில் கொண்டுவந்து போட்டார். உள்ளே ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ இருந்துகொண்டு, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அகராதியை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் அதைப் படித்தேன். அவன் படங்களைப் பார்த்தான்.

இதைத் தமிழில், புதிதாக ஆடுகிறவர்களுக்காக ஒரே பெட்டியில் போடலாம் என்பது அவன் யோசனை. அந்தப் பெட்டியில் இருந்த பல முகப் பகடைகள் இங்கே கிடைக்காது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு வைத்துவிடலாம் என்றதும் அவன்தான். மற்றதெல்லாம் என் வேலை. கதை எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டைக்குள் நடந்தது. வாசல், களஞ்சியம், கிணறு எல்லாவற்றையும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் டேப் பிடித்து அளந்து படம் வரைந்தேன். விதிப் புத்தகம் நாற்பத்தெட்டு பக்கம், ஒன்பது பிரிவு.

அவன் அதைக் கையில் வைத்து எடை பார்த்தான்.

"மாமா, இது இன்னா, கிரயப் பத்திரமா? பொட்டிய தொறக்கிறவன் வெளையாடணும். பரீட்சை எழுதக் கூடாது. நாலு பக்கம் போதும், நான் எழுதறேன்."

"நாலு பக்கத்துல நோட்டீஸ்தான் அடிக்கலாம். உனக்கு அது ஒண்ணுதான தெரியும்."

"நோட்டீஸ நாலு பேரு படிக்கிறான். உங்க புக்க அக்காகூட படிக்காது."

பெட்டிக்குள் யாருடைய எழுத்து போவது என்பதற்கு நான் ஒரு வழி சொன்னேன். இந்த விளையாட்டைக் கண்டிராத மூன்று பேரிடம் பெட்டியைக் கொடுப்போம். அரை மணி நேரத்துக்குள் எந்தத் தாளைப் படித்து ஆடத் தொடங்குகிறார்களோ, அதுதான் அச்சேறும். வாங்கியவன் வீட்டுக்கெல்லாம் நாம் கூடவே போகப் போவதில்லை. ஆகவே நாங்கள் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிவு எனக்குத் தெரிந்ததுதான் என்பதால், என் புத்தகத்தை முன்கூட்டியே நூறு படி அடித்துவிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அடித்தான். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணி, அச்சகம். பக்கத்துக் கடைத் தையல்காரர் பாய், அவர் மனைவி, வல்லத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாளின் தங்கை. பாய் என் புத்தகத்தை எடுத்து முதல் பிரிவைச் சத்தமாக வாசித்தார். நான் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

இரண்டாம் பக்கத்திலேயே அவர் மனைவி தாயக்கட்டையைப் பார்த்துவிட்டார்.

"படிச்சது போதுங்க. தாயம் போட்டாதான உள்ள போவ முடியும்? குடுங்க இப்பிடி."

உருட்டினார். ஐந்து. தங்கை உருட்டினார். நான்கு. பாயும் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு உருட்டினார். ஆறு. மூன்று பேரும் கோட்டை வாசலில் நின்றுகொண்டு தாயம் விழக் காத்திருந்தார்கள். கோட்டைக்குள் நுழையக் கட்டை உருட்டத் தேவையில்லை என்று ஏழாம் பிரிவில் தெளிவாக எழுதியிருந்தேன். ஏழாம் பிரிவு முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. மைத்துனன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டாவது நிமிடம் தங்கைக்குத் தாயம் விழுந்தது. அச்சகமே அதிரக் கத்தினார்கள். பாய் புத்தகத்தைத் திருப்பி, ஒன்று விழுந்தால் என்ன என்று தேடி வாசித்தார்: "ஒன்று விழுந்தால் முயற்சி தோற்கும். வீரனுக்குக் காயம் ஏற்படும்."

"இன்னாது? தாயம் போட்டா காயமா?" என்றார் அவர் மனைவி. "எந்த ஊர் நாயம் இது? எவன் எழுதினது?"

வெள்ளைக்காரர் புத்தகத்தில் சின்ன எண் கெட்டது. அதை அப்படியே எடுத்திருந்தேன். தாயக்கட்டையை நான் வாழ்நாளில் கையால் தொட்டதில்லை. அதைப் பொழுதுபோகாதவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன்.

"ஏழாம் பிரிவைப் பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

"வாய் தொறந்துட்டீங்க மாமா," என்றான் மைத்துனன், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்து அவனுடைய நான்கு பக்கம். அதிலும் தாயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'கோட்டை வாசல் மூடியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?' என்று மொட்டையாக ஆரம்பித்தது. "தாயம் போட்டா கதவு தொறக்கும்னு வெச்சுக்கலாம்," என்றார் பாயின் மனைவி. வைத்துக்கொண்டார்கள். ஆறாவது நிமிடம் தங்கை காவல்காரனுக்கு வெற்றிலை கொடுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தார். மைத்துனன் பென்சிலை எடுத்து, அவர்கள் வைத்துக்கொண்ட விதியைத் தன் தாளின் முதல் வரியாக எழுதினான். அது திறமை அல்ல, சோம்பேறித்தனம். மேலும், என் புத்தகத்தில் அரை மணி நேரம் பழகிய பிறகுதான் அவர்கள் அவன் தாளைப் பிடித்தார்கள். இதை அன்றே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பெட்டி அவனுடைய நான்கு பக்கத்தோடு வெளிவந்தது. அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். என் மனைவி இரண்டு இடத்தில் இலை போட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பாயின் மனைவி எங்கள் வாசலில் நின்றார். கையில் கசங்கிய தாள் ஒன்று. நீவி நீவி நேராக்கியிருந்தார். பார்த்ததுமே தெரிந்தது. என் முப்பத்தொன்பதாம் பக்கம்.

"பொட்டிய ஆட்டினா தாயக்கட்ட சத்தம் போடக் கூடாதுன்னு அடியில இத கசக்கி வெச்சிருக்காரு உங்க மச்சான், அண்ணே. எல்லாப் பொட்டியிலயும் ஒவ்வொரு தாளு இருக்குதாம்."

நூறு படியும் எங்கே போகின்றன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் எழுத்தும் பெட்டிக்குள் போய்த்தான் இருந்தது, தக்கையாக.

"கெணத்துல எறங்கினவன் மேல ஏறி வர இன்னா செய்யணும்னு போட்டிருக்குது. பாதியில நின்னுபோச்சு. என் தங்கச்சி கெணத்துக்குள்ளயே ரெண்டு வாரமா நிக்கிறா. மீதி எங்க?"

பீரோவில் தைத்த படி ஒன்று வைத்திருந்தேன். "அச்சகத்துல கேளுங்க," என்றேன்.

"கேட்டேன். உங்ககிட்ட ஒண்ணு இருக்குதுன்னாரு." சற்றுத் தயங்கினார். "போய்க் கேட்டாலும் நீங்க குடுக்கமாட்டீங்கன்னும் சொன்னாரு."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவன் சொன்னது பொய்யாக வேண்டும். வேறு எந்தக் காரணமும் இல்லை. அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: 'விதிப் புத்தகம், முழுப் படி ஒன்று, தையல்காரர் வீட்டுக்கு. மாலை 5.10.' திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லை.