அண்ணன் தூங்கும் நேரம்

ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளை முதன்முதலில் உயிரோடு பார்த்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. அழகாக நெளிகிறதே என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததை எண்ணினால் இப்போது உடம்பு கூசுகிறது.

யானைக்கால் நோயைக் கொடுக்கும் உருண்டைப் புழு அது. தாய்ப்புழு நூல் மாதிரி நிணநீர்க் குழாய்க்குள் சுருண்டு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும். அது போடும் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் பதுங்கிக் கிடந்து, கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில் தோலடி ரத்தத்துக்கு வந்துவிடும். கண்ணில்லாத ஜந்துவுக்கு மணி எப்படித் தெரிகிறதோ. அதனால்தான் லேப் டெக்னீஷியனான நான் ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாகக் கதவைத் தட்டி, விரலை நீட்டச் சொல்லி, திட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணனுக்கு வைத்திக்குப்பம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் நைட் டூட்டி. ராத்திரி முழுக்க ஐஸ் கட்டியை உடைத்து மீன் வண்டிகளில் ஏற்றுவார். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பத்து வருஷமாக அப்படித்தான். ஒரு சமயம் அவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது, தொடை இடுக்கில் நெறி கட்டியது. கால் போனால் பிழைப்பே போச்சு என்று பயந்து போயிருந்தார்.

சர்வேக்குப் போன ராத்திரி, கம்பெனி வாசலிலேயே அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். மறுநாள் ஸ்லைடுக்குச் சாயமேற்றி மூலை முடுக்கெல்லாம் தேடினேன். ஒன்றுகூட இல்லை. சந்தோஷத்தில் அவரிடம் ஓடினேன்.

"ஒண்ணுமில்லண்ணா. நிம்மதியா தூங்கு."

வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு யானைக்கால் மாத்திரை கொடுக்க வருகிறவர்களிடம், தங்கச்சியே பார்த்துச் சொல்லிவிட்டது, எனக்கு எதற்கு என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். நோய் இல்லாதவர்களும் போட வேண்டிய மாத்திரை அது. நானும் வற்புறுத்தவில்லை. என் ஸ்லைடு மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

மூன்றாம் வருஷம் அவருடைய வலது கணுக்கால் வீங்கியது. தூங்கி எழுந்தாலும் வடியவில்லை. அப்போதுதான், என்றோ பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய ஒரு வரி எனக்கு உறைத்தது. அந்தக் குஞ்சுகள் கடிகாரம் பார்ப்பதில்லை. உடம்பு தூங்கும் நேரம்தான் அவற்றுக்கு ராத்திரி. வருஷக்கணக்கில் பகலில் தூங்குகிறவர்களுக்கு எல்லாம் தலைகீழாகிவிடும். நான் ரத்தம் எடுத்த ராத்திரியில் அண்ணன் முழித்திருந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் பழைய புடவையைக் கட்டி இருட்டாக்கிய அறையில் அண்ணன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் விரலைப் பிடித்துக் குத்தினேன். முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். லேபுக்கு ஓடி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குஞ்சுகள் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நெளிந்தன. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப ஃபோகஸை மாற்றிப் பார்த்தேன்.

மருந்து கொடுத்ததில் குஞ்சுகள் ஒழிந்தன, வீக்கம் ஒழியவில்லை. ஐஸ் தண்ணீரில் நிற்க முடியாமல் அதே கம்பெனியில் நைட் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டார். தினமும் அவர் டூட்டிக்குக் கிளம்பும் முன் அந்தக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துவிடுவேன். அப்படித் துடைக்கும்போதுதான் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அண்ணன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"நான் தூங்கறப்பதான் அதுங்க முழிச்சிருந்துச்சா பாப்பா?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் மதியத்தில் அந்த அறைப் பக்கம் போனால், அண்ணன் கண்ணைத் திறந்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இப்போது ஒன்றுமில்லை, தூங்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. ஒரு தடவை சொன்னது போதாதா?

போன வாரம் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, தங்கச்சி லேபில் இருந்துமா இப்படி விட்டீர்கள் என்று அண்ணனைக் கேட்டார். நான் தண்ணீர்ச் சொம்போடு கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"தங்கச்சி பாத்தப்ப ஒண்ணும் இல்லம்மா," என்றார் அண்ணன். "அதுக்கப்பறம்தான் வந்துச்சி."

வெளியே போய் நிஜத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.